வேகக் காருக்கு நிலைகாப்புக் கருவி அவசியமா?

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு ஆண்டுதோறும் மலர்க்குழு அன்பர்கள் கடைக்கு வருவார்கள். நானும் ஊர்ப்பெயர்கள், பழைய முகத்தலளவைகள், கல்வெட்டுச் சொற்கள் என்று எனக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுத்து வந்திருக்கிறேன். இந்த முறை கார் பற்றி எழுதுகிறேன் என்றதும், "என்னங்க ஐயா, நீங்களுமா?" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். வந்தவாசிப் பக்கத்திலிருந்து புனே வந்து, நானா பேட்டில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மோட்டார் உதிரிபாகம் விற்பவன் நான். கல்வெட்டு என் ஆசை. பிரேக்கும் பேரிங்கும்தான் என் சோறு.

எழுதக் காரணம் என் தம்பி மகன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை, கையில் நாலு காசு சேர்ந்திருக்கிறது. ஒரு நாள் கடைக்கு வந்து உட்கார்ந்தான். "பெரியப்பா, ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாம்னு இருக்கேன். ரெண்டு வண்டி பாத்து வெச்சிருக்கேன். ஒண்ணு பதினாலு லட்சம், ஒண்ணு பதினாறு. பதினாறு லட்சத்து வண்டியில ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்கு, மத்ததுல இல்ல. அதுக்காக ரெண்டு லட்சம் கூடக் கொடுக்கணுமா? நல்லா ஓட்டத் தெரிஞ்சவனுக்கு அது எதுக்குன்னு ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சொல்றாங்க" என்றான்.

நம் பிள்ளைகள் இன்று எல்லா ஊர்களிலும் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். இதே கேள்வி நாளை உங்கள் வீட்டுக் கூடத்திலும் எழலாம். அவனுக்கு நான் சொன்ன பதிலை ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். 'ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல்' என்பதைக் கட்டுரை முழுதும் 'நிலைகாப்பு' என்று எழுதுகிறேன். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும்: இ.எஸ்.பி., இ.எஸ்.சி., டி.எஸ்.சி., வி.எஸ்.சி., பி.எஸ்.எம். எல்லாம் அடிப்படையில் ஒன்றே.

கார் ஏன் நழுவுகிறது?

ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள காரைச் சாலையோடு பிடித்து வைத்திருப்பது நான்கு டயர்கள் தரையைத் தொடும் இடம் மட்டுமே. ஒவ்வொன்றும் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவு. பிரேக் போடுவது, வேகம் எடுப்பது, திரும்புவது ஆகிய மூன்று வேலையையும் இந்த நான்கு உள்ளங்கைகளே செய்தாக வேண்டும்.

வளைவில் தேவைப்படும் பிடிப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். அதாவது வேகம் இரட்டித்தால் தேவை நான்கு மடங்கு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு, சமதளம். உலர்ந்த சாலையில் உராய்வுக் கெழு 0.8 என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 71 கி.மீ. வரை டயர் தாங்கும். மழையில் அது 0.5 ஆகக் குறைந்தால் எல்லை 56 கி.மீ. தான். டயர் தேய்ந்திருந்தால் இன்னும் கீழே. நேற்று வெயிலில் 65 கி.மீ. வேகத்தில் சுகமாகப் போன அதே வளைவு, இன்று மழையில் அதே 65இல் ஆளைக் கவிழ்க்கும்.

நழுவலில் இரண்டு வகை. முன் டயர்கள் முதலில் பிடிப்பை இழந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாமல் நேராகவே போகும். இது முன்நழுவல். பின் டயர்கள் முதலில் இழந்தால், வண்டியின் பின்பக்கம் வெளியே வீசப்பட்டு, கார் பம்பரம் மாதிரி சுற்றிவிடும். இது பின்நழுவல். சாதாரணக் குடும்பக் கார்களைப் பெரும்பாலும் முன்நழுவலுக்குச் சாயும்படியே செய்கிறார்கள். பயந்துபோன ஓட்டுநர் காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடிப்பு திரும்ப வரும் என்பதால்.

ஸ்போர்ட்ஸ் கார் சமாச்சாரம் வேறு. பல வண்டிகளில் இழுவை பின் சக்கரத்தில். எஞ்சின் பலம் அதிகம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி குறைவு. இதனால் ஸ்டீயரிங் சொன்ன பேச்சை உடனே கேட்கும். அதுதான் அந்தக் காரின் இன்பம். ஆனால் சட்டென்று திரும்பும் வண்டி சட்டென்று சுற்றவும் செய்யும். வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்பக்கம் சாய்கிறது, பின் டயர்கள் இலேசாகின்றன, பின்பக்கம் கிளம்பிவிடுகிறது. இயல்பாக எந்த மனிதனும் செய்கிற காரியமே இங்கே தப்பாகிப் போகிறது.

போர்காட்டில் நடந்தது

இதைப் புத்தகத்தில் படித்து மட்டும் எழுதவில்லை. 1994 ஜூலையில் நானும் தம்பியும் புனேயிலிருந்து மும்பைக்குப் போய்க்கொண்டிருந்தோம். அப்போது விரைவுச்சாலை கிடையாது, பழைய சாலைதான். கண்டாலா தாண்டி போர்காட் இறக்கத்தில் நல்ல மழை. ஒரு வளைவில் எதிரே லாரி நடுக்கோட்டைத் தாண்டி வந்தது. காலை எடுத்தேன், பிரேக்கையும் தொட்டேன். வண்டியின் பின்பக்கம் போயே போய்விட்டது. அரைச் சுற்று சுற்றி, இடது பக்கம் பாறையில் மோதி நின்றோம். அந்தப் பக்கம் பள்ளமாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. இடது சீட்டில் இருந்த தம்பிக்குத் தோள் எலும்பு முறிந்தது. அவன் இடது கை இன்றும் தோளுக்கு மேல் ஏறாது.

வண்டி ஓட்டியவன் நான், பின் டயர்கள் தேய்ந்திருந்ததும் எனக்குத் தெரியும். உதிரிபாகக் கடைக்காரன் சொந்த வண்டிக்கு டயர் மாற்ற அடுத்த மாதம் பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். அந்தத் தம்பியின் மகன்தான் இப்போது ஸ்போர்ட்ஸ் கார் வாங்கட்டுமா என்று கேட்கிறவன். என் பதிலில் ஏன் கொஞ்சம் காரம் இருக்கிறது என்பது இப்போது புரியும்.

கருவி என்ன செய்கிறது?

1978இல் மெர்சிடிஸ் காரில் பாஷ் நிறுவனத்தின் ஏ.பி.எஸ். வந்தது. பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது அதன் வேலை. நிலைகாப்பு அதன் அடுத்த வாரிசு. 1995இல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் கூபேயில் வந்தது.

இதற்கு இரண்டு கேள்விகள்தான் தெரியும். ஒன்று, ஓட்டுநர் எங்கே போக விரும்புகிறார்? ஸ்டீயரிங் திரும்பிய கோணத்தையும் சக்கரங்களின் வேகத்தையும் பார்த்து இதைத் தெரிந்துகொள்கிறது. இரண்டு, கார் உண்மையில் எங்கே போகிறது? கார் தன் அச்சில் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, பக்கவாட்டில் எவ்வளவு விசை என்று அளக்கும் உணரிகள் இதைச் சொல்லும். இரண்டு விடைகளையும் பாஷ் கருவி வினாடிக்கு 25 முறை ஒப்பிடுகிறது. பொருந்தினால் சும்மா இருக்கும். பொருந்தாவிட்டால் ஏதாவது ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும், எஞ்சின் பலத்தையும் குறைக்கும்.

எந்தச் சக்கரம் என்பதில்தான் சூட்சுமம். வலது பக்கம் திரும்பும்போது பின்பக்கம் வெளியே வீசினால், வெளிப்பக்க முன் சக்கரத்தை, அதாவது இடது முன் சக்கரத்தைப் பிடிக்கும். அந்த மூலை பின்னுக்கு இழுபடுவதால் சுழற்சி அடங்கும். மாறாக, முன்நழுவலில் கார் திரும்பாமல் நேராகப் போனால், உள்பக்கப் பின் சக்கரத்தைப் பிடித்துக் காரைத் திருப்பிவிடும். ஓடத்தில் ஒரு பக்கத் துடுப்பை மட்டும் தண்ணீரில் ஊன்றினால் ஓடம் அந்தப் பக்கம் திரும்புகிறதே, அதே தத்துவம்.

"நல்லா ஓட்டத் தெரிஞ்சவனுக்கு எதுக்கு" என்ற கேள்விக்கு விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. எத்தனை கெட்டிக்காரர் ஆனாலும் காலடியில் இருப்பது ஒரே பிரேக் பெடல். அது நான்கு சக்கரங்களையும் சேர்த்தே பிடிக்கும். ஒரு சக்கரத்தை மட்டும் தனியாகப் பிடிக்க உலகச் சாம்பியனுக்கும் வழி இல்லை. ஆகவே, நமக்கு ஓட்டத் தெரியுமா என்பதும் இந்தக் கருவி தேவையா என்பதும் வெவ்வேறு கேள்விகள்.

உலகம் பட்டுத் தெரிந்துகொண்டது

1997 அக்டோபரில் ஸ்வீடன் பத்திரிகை ஒன்று மெர்சிடிஸின் புதிய ஏ-கிளாஸ் சிறிய காரைச் சோதித்தது. சாலையில் திடீரென்று காட்டு மான் குறுக்கே வந்தால் ஒடித்துத் திரும்புவது போன்ற சோதனை. கார் கவிழ்ந்தது. கம்பெனி விற்பனையை நிறுத்தி, சஸ்பென்ஷனைத் திருத்தி, ஏ-கிளாஸ் எல்லாவற்றிலும் நிலைகாப்பைச் சேர்த்தது. பெரிய பணக்காரக் காரில் மட்டும் இருந்த கருவி சின்னக் காருக்கு இறங்கி வந்தது இப்படித்தான்.

நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது ஆடி டி.டி. என்ற ஸ்போர்ட்ஸ் காரின் கதை. 1998இல் வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் அதன் உருண்ட வடிவத்தில் மயங்கினார்கள். ஆனால் மணிக்கு 180 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் சட்டென்று தடம் மாறும்போதும் வளைவுகளிலும் விபத்துகள் நேர்ந்தன, உயிர்களும் போயின. 1999-2000இல் கம்பெனி கார்களைத் திரும்ப அழைத்து, சஸ்பென்ஷனை மாற்றி, பின்பக்கம் சிறு சிறகு வைத்து, நிலைகாப்பையும் சேர்த்தது. சிறகு வந்ததால் அழகு போயிற்று என்று வருந்தியவர்கள் உண்டு. சிறகில்லாத முதல் வடிவத்தைத் தேடுபவர்கள் இன்றும் உண்டு. அழகைப் பற்றி நான் வாதாட மாட்டேன்.

அமெரிக்காவின் கார்வெட் காரில் 1998இல் இது தனிவிலைப் பொருளாக வந்தது. விலை சுமார் 500 டாலர். கார் விலையோ 37,000 டாலருக்கு மேல். நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. 2001இல் அதுவே எல்லா கார்வெட்டிலும் சேர்த்தே வந்துவிட்டது. தனி விலை கொடுத்து வாங்கலாமா என்று யோசிக்கிற காலம் அங்கே மூன்று நான்கு வருஷத்தில் முடிந்துபோயிற்று.

எதிர்த்திசையில் போன காரும் உண்டு. போர்ஷே கரேரா ஜி.டி. என்ற பத்து சிலிண்டர், 600 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட கார் 2000களின் நடுவில் விற்கப்பட்டது. அதில் ஏ.பி.எஸ். உண்டு, நிலைகாப்பு கிடையாது. 2013 நவம்பர் 30 அன்று கலிபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் அந்தக் காரில் பயணியாக இருந்து இறந்தார். ஓட்டியவரும் இறந்தார். விசாரணையில் தெரிந்தவை: 72 கி.மீ. எல்லையுள்ள சாலையில் சுமார் 130 முதல் 150 கி.மீ. வேகம், டயர்களின் வயது 9 ஆண்டுகள். நிலைகாப்பு இல்லாதது குறை என்று மகள் வழக்குத் தொடுத்தார். 2017இல் அது சமரசத்தில் முடிந்தது. கருவி இருந்திருந்தால் பிழைத்திருப்பார்களா என்று சொல்ல நான் யார்? வேகம், பழைய டயர் இரண்டையும் மறந்துவிட்டுக் கருவியை மட்டும் பேசுவதும் நியாயம் ஆகாது.

அரசாங்கங்கள் கணக்குப் பார்த்தன. ஒரே வாகனம் மட்டும் சிக்கும் விபத்துகளைச் சாதாரணக் கார்களில் 34 விழுக்காடும், உயரமான எஸ்.யு.வி. வண்டிகளில் 59 விழுக்காடும் இது குறைக்கும் என்று 2007இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை மதிப்பிட்டது. 2012 மாடல் முதல் அங்கே எல்லாக் கார்களிலும் கட்டாயம். ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். நம் நாட்டில் 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் நட்சத்திர மதிப்பீட்டில், மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் பெற நிலைகாப்பு இருக்க வேண்டும்.

மறுப்புகளுக்கு விடை

ஓட்டும் இன்பம் போய்விடும் என்பார்கள். ஆரம்பகாலக் கருவிகள் கொஞ்சம் முரடாக நடந்துகொண்டது உண்மைதான். பின்னால் வந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் சற்று நழுவவிட்டு, எல்லை மீறும்போது மட்டும் பிடிக்கும் தனி நிலை உண்டு. பந்தயத் தடத்தில் பழகுபவர் பொத்தானை அழுத்தி நிறுத்தியும் வைக்கலாம். இருப்பதை நிறுத்த முடியும். இல்லாததை வளைவின் நடுவில் வரவழைக்க முடியாது.

பிறகு வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்பார்கள். இது நடவாத காரியம். பிரேக் அழுத்த அலகு, எஞ்சின் கம்ப்யூட்டர், உணரிகள் மூன்றும் அந்தந்தக் காருக்கென்றே அளந்து பொருத்தப்பட்டவை. ஆடி செய்தது என்றால் காரைச் செய்த தொழிற்சாலையே செய்தது. தெருமுனை மெக்கானிக்கால் ஆகாது.

ரிப்பேர் செலவு வரும் என்பார்கள். வரும், மறுக்கவில்லை. சக்கர வேக உணரியும் அதன் ஒயரும் சேற்றிலும் மழையிலும் கெடும், எங்கள் கடையிலேயே அடிக்கடி கேட்டு வருகிறார்கள். ஆனால் அதே உணரிகள் ஏ.பி.எஸ்.ஸுக்கும் வேண்டியவை. நிலைகாப்பு இல்லாத காரிலும் அந்தச் செலவு உண்டு.

நான் மதிக்கும் மறுப்பு ஒன்றே ஒன்று. கருவி இருக்கும் தைரியத்தில் வேகம் கூடும் என்பது. இது மனிதசுபாவம். மேலே சொன்ன 50 மீட்டர் வளைவில் 80 கி.மீ. வேகத்தில் நுழைந்தால் தேவைப்படும் உராய்வுக் கெழு 1. மழையில் கிடைப்பதோ 0.5. இந்தப் பாதிப் பற்றாக்குறையை எந்தக் கம்ப்யூட்டரும் கொண்டுவந்து நிரப்பாது. இருக்கும் பிடிப்பை நான்கு சக்கரங்களுக்கும் சரியாகப் பங்கிட்டுக் கொடுப்பது மட்டுமே கருவியின் திறமை. கல்லாவில் இல்லாத பணத்தைக் கணக்குப்பிள்ளை உண்டாக்கித் தர முடியுமா?

எப்போது வேண்டாம்?

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வெயிலில் மெதுவாக வெளியே வரும் பழங்காலக் காருக்கு, பந்தயத் தடத்தில் ஆசான் பக்கத்தில் இருந்து பழகும் வண்டிக்கு இது இல்லாமல் போகட்டும். ஆனால் ஆபீசுக்கும், மழைக்கும், மலைப்பாதைக்கும், இரவுப் பயணத்துக்கும் ஒரே கார் என்றால் இரண்டாவது யோசனை வேண்டாம். கையில் பணம் குறைவு என்றால் பெரிய சக்கரம், பாட்டுப்பெட்டி, தோல் சீட்டு இவற்றை விடுங்கள். நல்ல டயரையும் நிலைகாப்பையும் விடாதீர்கள்.

வியாபாரிக் கணக்காகவே தம்பி மகனுக்குச் சொன்னேன். "ரெண்டு லட்சம் வித்தியாசத்துல வண்டி ரெண்டு வருஷம் புதுசாவும் இருக்கு. விக்கும்போது ஒரு பங்கு திரும்ப வந்துடும். மீதியை எட்டு வருஷத்துக்குப் பிரிச்சுப் பாரு. இறக்குமதி வண்டிக்கு ஒரு ஹெட்லைட்டும் பம்பரும் ஃபென்டரும் மாத்தினாலே அதைவிட ஜாஸ்தி. தோளுக்கு எங்க கடையில ஸ்பேர் கிடையாதுடா." அவன் ஒன்றும் பேசவில்லை. அப்பாவின் தோள் அவனுக்கும் தெரியும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சாவியைப் போட்டதும் வழுக்குத் தடத்தோடு கூடிய சிறு கார்ப் படவிளக்கு எரிந்து, சில வினாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியோ வேறு விதமாகவோ பழுதை மறைத்திருக்கலாம். அணையாமல் நின்றால் பழுது இருக்கிறது. இரண்டிலும் விலை பேசாதீர்கள், முதலில் சரி செய்யச் சொல்லுங்கள்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது. பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் வயதான ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும்.

கம்பெனி சொன்ன அளவிலேயே டயர் இருக்கட்டும். ஒரே அச்சில் இரண்டு அளவு, இரண்டு தேய்மானம் இருந்தால் சக்கர வேகக் கணக்கு தவறி, கருவி குழம்பிவிடும்.

புதுக் கார் வாங்குவோர், "இந்த மாடலில் உண்டா?" என்று கேட்டு நிற்காமல், "நான் வாங்கும் இந்த வேரியன்டில் உண்டா?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

தம்பி மகன் பதினாறு லட்சத்து வண்டியையே எடுத்தான். எடுத்த அன்று கடைக்குக் கொண்டுவந்து காட்டினான். நான் முதலில் குனிந்து பார்த்தது பின் டயரைத்தான். ஏழு வருஷத்து டயர். அன்றைக்கே நான்கையும் மாற்ற வைத்தேன். லாபம் வைக்காமல்தான் கொடுத்தேன் என்று நம்புங்கள். தம்பி வலது கையால் கதவைத் திறந்து இடது சீட்டில் ஏறி உட்கார்ந்து, "மெதுவாவே போடா" என்றான்.

வேற்றூரில் நம் பிள்ளைகள் ஓட்டும் வண்டிகள் எல்லாம் பத்திரமாக வீடு வந்து சேரட்டும்.